காட்டு ஊரில் தங்கிவிட்டவர்

டோர்ட்மண்ட்
14.08.2024

பாசமுள்ள மச்சாளுக்கு,

நீங்களும் அத்தானும் நல்ல சுகமாக இருக்க அம்பாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

வேலை மாறிக் கடற்கரைப் பக்கம் போயிருப்பதாக உங்கள் தம்பி தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அது உண்மையில்லை, மச்சாள். போன வருடம் எங்கள் பிருந்தன் குளிக்க இறங்கித் திரும்பி வராத அந்தக் கடற்கரைக்குப் பின்னால், காட்டுக்குள் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மகனைத் தேடப் போனவர் வேலையையும் விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று நானும் மறைத்தேன்.

போன கிழமை அவரைக் கூட்டிவரப் போனேன். றொஸ்ரொக் நகரம் வரை ரெயில், அங்கிருந்து பஸ். உள்ளே முழுக்கக் குடையும் காற்றடித்த மிதவையுமாகக் கடலுக்குப் போகிற சனம். காட்டுத் தரிப்பிடத்தில் நான் ஒருத்திதான் இறங்கினேன். முப்பது வீடுகூட இராது. கடை இல்லை. பைன் மரங்களுக்குள்ளால் அலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டேயிருக்கிறது.

அவர் சைக்கிளோடு நின்றார். பாதி ஆளாகிவிட்டார். "எப்பிடி வந்தனீர்?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டார்.

பேற்றர்சன் என்ற விதவை அம்மா அறை கொடுத்திருக்கிறா. அவவுக்கு இவர் விறகு கொத்திக் கொடுக்கிறார். அந்த ஊர்ச் சனம் நல்ல சனம். இவர் விடியக் கடற்கரைக்குப் போகும்போது எல்லோரும் கையைக் காட்டுகிறார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. இன்னும் என்னத்தைத் தேடுகிறாய் என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் வீட்டுக்கு வந்திருப்பாரோ என்று நினைத்தேன்.

விறகுக் கொட்டிலைத் திறந்து காட்டினார். கரையொதுங்கிய சப்பாத்துகள், செருப்புகள். கழுவிக் காயவைத்து வரிசையாக அடுக்கியிருக்கிறார். பெண்பிள்ளைகளுடையதும் குழந்தைகளுடையதும்கூட இருந்தன. ஒன்றை எடுத்து, "இது அவன்ர போல இல்லையோ?" என்றார். இல்லை என்றேன். துடைத்துத் திரும்ப வைத்தார்.

ஒரு வருடம் முடிந்ததால், பிள்ளை உயிரோடு இல்லை என்று அறிவிக்கும்படி நீதிமன்றத்துக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொடுக்கலாம் என்று பொலிஸ் சொல்லியிருந்தது. அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"என்னால ஏலாது. சோதினை எழுதிக் களைச்சுப் போனான், ரெண்டு நாள் கடலுக்குப் போட்டு வா எண்டு அனுப்பினது நான்தானே" என்றார்.

அப்படியென்றால் நான் கையெழுத்துப் போடட்டோ என்று கேட்டேன். எழும்பி விறகு கொத்தப் போய்விட்டார். அடுத்த நாள் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். வாருங்கோ என்று அழுதேன். "அவன்ர அறையை மாத்திப் போடாதையும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்தத் தாளைத் தொடவில்லை. பிறகு நானே கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை தபாலில் போய்விட்டது. அவருக்குத் தெரியாது.

மச்சாள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அத்தானைக் கொண்டு கீரிமலைத் தீர்த்தக் கரையில் பிருந்தனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வியுங்கள். தகப்பன் செய்யவேண்டியது. அவர் செய்யமாட்டார். இங்கே ஐயரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திதி பார்க்க நாள் கேட்பார்கள்: போன வருடம் யூலை 29, சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி.

உங்கள் தம்பி தொலைபேசி எடுத்தால் இதைச் சொல்லவேண்டாம். சாப்பிட்டாயோ என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் கேட்டால் சாப்பிடுவார்.

உங்கள் பிள்ளைகளை அம்பாள் கண்போலக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கமலநாயகி