உமது பேரில் பிடுங்கிய பல்

சேசு மரி சூசை துணை
சூரமங்கலம், 20-2-1936

பிரிய மாப்பிள்ளை யாகப்பனுக்கு, சவரியார் எழுதிக்கொண்டது. தபசுகாலம் தொடங்குகிற விபூதித் திருநாளுக்கு முன் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்கும் முன்னால் உம்மிடம் சொல்லிவிடுவதுதான் மரியாதை. மாப்பிள்ளை, போன செவ்வாய்க்கிழமை உமது பேரில் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டேன்.

கோபப்படாமல் மேலே படியும். பல் என்னுடையதுதான். பேர் மட்டும் உம்முடையது.

வலது கீழ்க் கடைவாய்ப் பல் பதினைந்து நாளாக என்னை மனுஷனாக இருக்க விடவில்லை. தபால் ஆபீஸ் மரத்தடியில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதுகிறவன், ஒருவருடைய வரப்புத் தகராறு மனுவில் நடுவே "ஐயோ அம்மா" என்று எழுதிவிட்டேன். நல்ல உருக்கமாக இருக்கிறது என்று அவர் சந்தோஷமாக வாங்கிப்போனார். பக்கத்து வீட்டுப் பெரியநாயகி கிராம்பு வைக்கச் சொன்னாள். அவள் புருஷன் புகையிலை அடக்கச் சொன்னான். இரண்டையும் சேர்த்து வைத்ததில் தலை சுற்றியதே தவிர பல் அசையவில்லை. ஜங்ஷன் ரோட்டில் போர்டு மாட்டியிருக்கிற பல் டாக்டர், வாயைத் திறந்து பார்க்க மட்டும் கேட்கிற தொகையில் அந்த வாய்க்கு ஒரு மாதம் சோறு போடலாம். சந்தையில் குறடு வைத்திருப்பவர் மலிவுதான். ஆனால் அவருக்கு வலிக்கிற பல்லைவிடப் பக்கத்துப் பல்மேல் பிரியம்.

மீதி இருந்தது டவுன் தர்ம ஆஸ்பத்திரி. ஏழை என்று நம் கோவில் தர்ம சபை சீட்டுக் கொடுத்தால் அங்கே காசில்லை. அந்தச் சீட்டை எழுதுகிறவன் யார்? பதினோரு வருஷமாக நான்தான். சுவாமியார் கையெழுத்துப் போடுமுன் விசாரிக்கிறவனும் நானே. "ஏம்மா ராசாத்தி, காதிலே கம்மல் மின்னுதே, நீ ஏழையா?" என்று கேட்டு அவளைத் திருப்பி அனுப்பினேனே, ஞாபகமிருக்கிறதா? அப்படிப்பட்டவன், ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டு முதல் வரிசையில் நிற்கிறவன், "சாமி, நானும் ஏழைதான்" என்று எந்த வாயால் சொல்வேன்? இருந்த வாயும் வீங்கிக் கிடந்தது. நீர் பள்ளிபாளையம் போய் ஒரு வருஷம் ஆகியும் ஏழைகள் ஜாபிதாவில் உமது பேரை யாரும் அடிக்கவில்லை. கை தானாக எழுதிவிட்டது.

கம்பவுண்டர் சீட்டைப் படித்தார். "யாகப்பன், வயசு முப்பத்திரண்டு." என் மீசையைப் பார்த்தார். "முப்பத்திரண்டா?"

"கஷ்ட ஜீவனம்ங்க" என்றேன்.

"யாகப்பன், வலது கீழ்க் கடைவாய்" என்று ரிஜிஸ்தரில் எழுதிப் பிடுங்கிவிட்டார். உமக்கு வலிக்கவில்லையே?

உமது அக்காள் அந்தோணிமேரிக்கு இது தெரியாது. கடிதத்தைக் கிழித்துவிடும்.

இப்படிக்கு,
பல் குறைந்த மாமா,
சவரியார்


சே. ம. சூ.
பள்ளிபாளையம், 6-3-1936

மாமா அவர்களுக்கு யாகப்பன் தோஸ்திரம். கடிதம் கிடைத்தது. பாண்டு செட் ஆட்களிடம் பேர் சொல்லாமல் படித்துக் காட்டினேன். டிரம் அடிக்கிற காத்தான் சிரித்துச் சிரித்து டிரம்மின் மேலேயே விழுந்தான்.

ஆனால் மாமா, நீங்கள் பல்லைப் பிடுங்கினீர்கள், வலியைத் தபாலில் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. கடிதம் வந்த நாலாம் நாள் எனக்கு வலிக்கத் தொடங்கியது. அதே வலது கீழ்க் கடைவாய். கிளாரினெட்டை வாயில் வைத்தால் கண்ணுக்குள் மின்னல் அடிக்கிறது. தபசுகாலம் என்பதால் கோவிலில் இப்போது வாத்தியம் இல்லை, தப்பித்தேன். சித்திரை மூன்றாம் தேதி குமாரபாளையத்தில் ஒரு பெரிய கல்யாணம் இருக்கிறது. அதற்குள் ஊத முடியாவிட்டால் ஈரோட்டிலிருந்து வேறு ஆளைப் போடுவதாக செட் மேஸ்திரி சொல்லிவிட்டார். ஒரு தடவை போட்டால் போட்டதுதான். அப்புறம் எனக்கு அந்த இடம் கிடையாது.

ஈரோட்டில் பல் வைத்தியத்துக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள். இந்தத் தடவை என் பேரில், என் பல்லுக்கு.

அக்காளைக் கேட்டதாகச் சொல்லவும்.
யாகப்பன்


சேசு மரி சூசை துணை
சூரமங்கலம், 10-3-1936

பிரிய மாப்பிள்ளைக்கு,

சீட்டு இதில் இருக்கிறது. எழுதி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ரிஜிஸ்தரில் உமக்கு அந்தப் பல் இல்லை அல்லவா? மேல் தாடை என்று சொன்னால் காரியம் எளிது. வலியைக் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி நிற்கச் சொல்ல முடியுமா? அல்லது அது பிடுங்கினதுக்கு அடுத்த பல் என்று சொல்லும். வாய்க்குள் போய் யார் எண்ணப்போகிறார்கள்? இருக்கிற கூட்டத்தில் கம்பவுண்டர் ரிஜிஸ்தரைப் புரட்டவே மாட்டார். இரண்டு கம்பவுண்டர்கள் உண்டு. ஒல்லியாக இருப்பவரிடம் போகவும். பருமனாக இருப்பவருக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி.

தைரியமாக வாரும். நான் இருக்கிறேன்.
சவரியார்


பள்ளிபாளையம், 20-3-1936

மாமா அவர்களுக்கு,

நீங்கள் இருக்கவில்லை. நேற்று சூசையப்பர் திருநாள் என்று நீங்கள் கோவிலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் தனியாகத்தான் போனேன். ஒல்லியானவர் லீவு.

பருமனானவர் சீட்டைப் பார்த்ததும் நேரே ரிஜிஸ்தரைத்தான் எடுத்தார். "யாகப்பன். வலது கீழ்க் கடைவாய். போன மாசமே புடுங்கியாச்சே?"

"இல்லீங்க, இருக்குதுங்க" என்று வாயைத் திறந்து காட்டினேன். அவர் வாயைப் பார்த்தார், ரிஜிஸ்தரைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார்.

"எழுதியிருக்குதேப்பா, புடுங்கியாச்சுன்னு."

"அப்போ இது யாரு பல்லுங்க?"

"அதத்தான் நானும் கேக்கறேன். நீ யாகப்பன்னா இந்தப் பல்லு இருக்கக்கூடாது. பல்லு உன்னுதுன்னா நீ யாகப்பன் இல்ல. ரெண்டிலே ஒண்ணு சொல்லு."

நான் யோசித்தேன் மாமா. நிஜமாகவே யோசித்தேன். வலியில் எதைச் சொன்னால் பிடுங்குவார் என்று தெரியவில்லை. "பல்லு என்னுதுங்க" என்றேன். "அப்ப சீட்டு பொய்" என்று வெளியே அனுப்பிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

அக்காள் வீட்டுக்கு வந்தேன். வீங்கின கன்னத்தைப் பார்த்துவிட்டுக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். "ஏன் சாமி, ஆசுபத்திரிக்குப் போகலாமில்ல?" என்று கேட்டாள். போய்விட்டுத்தான் வருகிறேன் என்று சொல்லவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊருக்கு வந்து கண்ணாடியில் பல்லை எண்ணினேன். அத்தனையும் இருக்கின்றன. இருந்தும் எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

மேஸ்திரி ஈரோட்டு ஆளுக்கு ஆள் அனுப்பிவிட்டார். பாஸ்குத் திருநாளுக்குள் என் பல்லை எனக்கே திருப்பிக் கொடுங்கள். முடியாது என்றால் இனிமேல் எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

யாகப்பன்


சேசு மரி சூசை துணை
சூரமங்கலம், 30-3-1936

பிரிய மாப்பிள்ளைக்கு,

வேண்டாம் என்றீர், எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் அது சுவாமியார் காதோடு நின்றுபோகும், ரிஜிஸ்தர் திருந்தாது. அதனால் நேற்றுப் பூசை முடிந்து, சீட்டுக்கு நிற்கிறவர்கள் வரிசையில் போய் நின்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன் இந்தப் பக்கம் நின்றதும் எல்லோருக்கும் குழப்பம். பின்னால் நின்ற பாவாயி, "ஏனுங்க, மேசை அங்கிட்டல்ல இருக்குது?" என்று வழி காட்டினாள். எனக்கு முன்னால் நின்றது யார் என்கிறீர்? ராசாத்தி.

"ஏனுங்க, கோட்டு மின்னுதே, நீங்க ஏழையா?" என்றாள்.

கோட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த சட்டையைப் பார்த்ததும் அவளே வாயை மூடிக்கொண்டாள். முதுகுப் பக்கம் சட்டை இல்லை மாப்பிள்ளை, காலரும் முன்புறமும் மட்டும்தான்.

சுவாமியார் எல்லாவற்றையும் கேட்டார். "சவரி, இதச் சொல்ல ஒனக்கு ஒரு பல்லு போக வேண்டியிருந்துதா?" என்றார். என் பேரில் ஏழை என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். சீட்டு எழுதும் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். முதல் வரிசைக்கு இனி நான் போகப்போவதில்லை. தூணுக்குப் பின்னால் நல்ல காற்று வருகிறது.

இன்று காலை அந்தச் சீட்டோடு பருமனானவரிடம் போய் வாயைத் திறந்தேன். பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "ஓ, இது நீயா!" என்றார். யாகப்பன் பேரை அடித்துச் சவரியார் என்று எழுதினார். உமது பல் உமக்கே மறுபடி முளைத்துவிட்டது. வியாழக்கிழமை வாரும். அவரே பிடுங்குகிறேன் என்றார்.

வீட்டிலும் சொல்லிவிட்டேன். உமது அக்காள் கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "நாம ஏழைன்னு நான் தெனம் சொன்னப்ப நம்பலே. சாமியார் எழுதிக் குடுத்தாத்தான் நம்புவீங்களா?" என்றாள். கஞ்சியைக் குடித்தேன். இடது பக்கமாக.

உம்மை வரிசையில் நிற்கவைத்தேன். அது ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை.

சவரியார்


சே. ம. சூ.
பள்ளிபாளையம், 16-4-1936

பிரிய மாமா அவர்களுக்கு யாகப்பன் தோஸ்திரம். அக்காளுக்கும் சொல்லவும்.

பிடுங்கின இடம் ஆறிவிட்டது. ஈரோட்டு ஆள் வந்து உட்கார்ந்துதான் இருந்தான். மேஸ்திரி இரண்டு பேரையும் ஊதச் சொன்னார். மாப்பிள்ளை அழைப்புக்கு நான் ஊதினேன். அப்புறம் அவனை யாரும் கூப்பிடவில்லை. கோபம் ஒன்றும் இல்லை மாமா. ஆடி மாதம் இரண்டு பேரும் இங்கே வந்து காவேரியில் குளிக்க வேண்டும். கோட்டு வேண்டாம்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேண்டாம் என்றுதான் காத்தானும் சொன்னான். பல் பிடுங்கின அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் சின்னுசாமி என்று ஒரு ரிக்‌ஷாக்காரர் நின்றார். கையில் சீட்டு இல்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விட்டார். எனக்குப் பிடுங்கி முடித்ததும், வாயில் பஞ்சோடு கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"சீட்டா? பல்லுக்கு எதுக்குப்பா சீட்டு? அது படுக்கையிலே சேர்ந்து பாலும் ரொட்டியும் வாங்கறவங்களுக்கு. நீங்க கோவில்காரங்க மட்டும் பதினோரு வருசமா நீட்டறீங்க. நாங்களும் வாங்கி வெச்சுக்கறோம்."

இப்படிக்கு,
யாகப்பன்