எலிக்குச் சரிவந்த மருந்து

பாலையூற்று,
திருகோணமலை.

அன்பு மகள் றிஷானாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் அந்த லீட்ஸ் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் துணை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை அந்த இடத்தில் நின்றுவிட்டது, அதனால் அந்த வரியை எழுதாமலே விடுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். நீ எடுத்தால் உன் வாப்பா பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து சத்தத்தைக் கூட்டிவிடுகிறார், பிறகு நான் எதைத் தனியாகக் கதைக்கிறது. சாச்சியின் மகள் சுஹைரா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

வாப்பாவின் இருதயத்துக்குப் போகிற மூன்று குழாய்களில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்யத்தான் வேண்டும் என்று டொக்டர் சொன்னது உனக்குத் தெரியும். திகதி இன்னும் வரவில்லை என்று அவர் உனக்குச் சொன்னது பொய். வந்துவிட்டது, அடுத்த மாதம். போகமாட்டேன் என்று நிற்கிறார், அதற்கு அவர் சொல்லுகிற காரணம் நீ. பெருநாளுக்குப் போன் எடுத்தபோது உன் ஆராய்ச்சியை அவருக்கு விளக்கினாயே, நானோ என்று ஒரு பேர் சொல்லி, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளுக்குள் மருந்தை வைத்து இரத்தத்தில் விட்டால் அவை அடைப்பைத் தேடிப்போய் அங்கே மட்டும் மருந்தை விடும் என்றும், குளிசை விழுங்கினால் உடம்பெல்லாம் பரவி அடைப்புக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான் என்றும். நீ ஆசையாகச் சொன்னாய், அவர் உன்னைவிட ஆசையாகக் கேட்டார். அடுத்த நாள் ஜெட்டியில், அவர் வள்ள எஞ்சின் திருத்துகிற இடத்தில், அதைச் சொல்லாத ஆள் இல்லை. சல்லி ஊரிலிருந்து எஞ்சின் கொண்டுவருகிற இராகுலன் கூட வாசலில் நின்று, மகளின்ட மருந்து எப்ப வருகுது அக்கா, எங்கட அம்மாவுக்கும் வேணும் என்று கேட்டுவிட்டுப் போகிறான். உன் வாப்பாவோ, எலிகளில் நன்றாக வேலை செய்கிறது என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, எலிக்குச் சரியெண்டா எனக்கும் சரி, வெட்டாம முடியிற வேலைக்கு ஏன் நெஞ்சைக் குடுக்கிற என்கிறார். முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

போன கிழமை அவருடைய சாமான் பெட்டியைத் துடைக்கும்போது ஸ்பானர்களுக்கு அடியில் குளிசைகள் கிடந்தன, இரத்தம் உறையாமல் இருக்கத் தந்தவை. ஏன் என்று கேட்டால், ஒன்ட மகள்தானே சொன்னா, இது உடம்பெல்லாம் பரவிப் போற சாமான், அரைவாசி குடிச்சாக் காணும் என்கிறார். உன் வாயிலிருந்து வந்ததைத் தனக்கு வேண்டிய மாதிரி வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார், பிடிவாதத்தில் அவரை ஆரும் வெல்ல ஏலாது. எனக்குப் பயமாக இருக்கிறது மகள். ஜெட்டியிலிருந்து வரப் பிந்தினால் பயம், வாசலில் ஆட்டோ வந்து நின்றால் அதைவிடப் பயம். படி ஏறும்போது நின்று நெஞ்சைத் தடவுகிறார், கேட்டால் வயிற்றில் கேஸ்தான் என்று இஞ்சிப் பிளேன் டீ போடச் சொல்லுகிறார். நேற்று விடிய சுபஹுக்கு அவருக்குப் பின்னால் தொழுதுகொண்டிருந்தேன், சுஜூதுக்குக் குனிந்து நெற்றியை வைத்தவர் எழும்பவில்லை. என் நெற்றி பாயில் இருக்கிறது, அவர் தக்பீர் சொன்னால்தான் நான் தலையைத் தூக்கலாம், சத்தமே வரவில்லை. மூச்சு நின்று மௌத்தாகிவிட்டார் என்றே நினைத்தேன், ஓதுவதெல்லாம் மறந்து போனது. பிறகு மெல்ல அல்லாஹு அக்பர் என்றார். தொழுது முடித்து, என்ன இவ்வளவு நேரம் என்று கேட்டேன். மகளின்ட மருந்து கெதியா வரவேணுமெண்டு துஆ கேட்டனான் என்றார்.

நான் சொன்னாலும் ஏறாது, டொக்டர் சொன்னாலும் ஏறாது, நீ சொன்னால்தான் ஏறும். இந்த மருந்து மனிதருக்கு வர இன்னும் பல வருடம் ஆகும், வராமலும் போகலாம் என்று சுஹைராவுக்குச் சொன்னாயாம். அதை வாப்பாவுக்கு ஏன் சொல்லவில்லை என்று உன்னை ஏசமாட்டேன், அவர் அப்படிச் சந்தோசப்படும்போது எந்தப் பிள்ளைக்கு வாய் வரும். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வந்ததும் போன் எடுத்து அதைச் சொல்லு. அவர் மனம் நோகும் என்று பார்த்து, சுற்றி வளைத்து, இன்ஷா அல்லாஹ் பார்ப்போம் என்று இழுக்காதே, அந்த இழுவையையும் பிடித்துக்கொண்டு தொங்குவார். ஒப்பரேஷன் செய்யுங்கள், குளிசையை முழுதாகக் குடியுங்கள், என் மருந்து உங்களுக்கு உதவாது என்று சொல்லு. உடைந்து போவார். ஜெட்டியில் முகம் காட்ட வெட்கப்படுவார், என்னோடு எரிந்து விழுவார், அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அல்லாஹ் உன் அறிவிலும் கையிலும் பறக்கத் செய்யட்டும். அந்த மருந்து ஒருநாள் வரட்டும், இராகுலனின் தாய்க்கும் கிடைக்கட்டும், அதை ஊரெல்லாம் சொல்லித் திரிய அன்றைக்கு உன் வாப்பா இருக்கட்டும். மருமகனுக்கு என் சலாம். நேரத்துக்குச் சாப்பிடு. இப்படி எழுதினேன் என்று வாப்பாவிடம் மூச்சும் விடாதே. வெள்ளிக்கிழமை நீ சொல்லும்போது நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நிற்பேன், அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது.

இப்படிக்கு,
உன் துஆவிலும் இருக்க ஆசைப்படும் உம்மா,
றஹ்மா ஜெமீல்.