அழித்த கட்டம்

கண்ணு,

முடிவெடுக்க உதவும் என்று நீ தாளில் வரைந்து அனுப்பிய மரம் வந்து சேர்ந்தது. தாத்தாவுக்கு இதய ஆபரேஷன் செய்தால் ஒரு கிளை, செய்யாவிட்டால் ஒரு கிளை, நுனியில் என்ன ஆகும் என்று கட்டங்கள். அஞ்சாம் கிளாஸ் படித்த எனக்கே புரிகிறது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். "மரம் ஏன் தலைகீழா நிக்குது?" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்!

ஆபரேஷன் கிளையில் ஒரு கட்டத்தில் மட்டும் பென்சிலால் எழுதி அழித்திருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'பாட்டி தனியாக' என்று தெரிந்தது.

தாத்தா கேட்டார், "அது என்னடி, காலியா ஒரு கட்டம்?"

"உங்க பேத்திக்குக் கை வலிச்சிருக்கும், விடுங்க."

"உனக்குப் பொய்யே வராது" என்று சிரித்தார். அப்புறம் என் கையைப் பிடித்து அந்தக் கிளைமேல் வைத்து, "இதுலயே போவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து அழகு என்று ஊருக்கே தெரியும். அன்றைக்குக் கோணிவிடக் கூடாது.

அதற்குள் வந்துவிடு. வரும்போது பேனா கொண்டு வா. அந்தக் கட்டத்தில் 'தனியாக' என்பதை எடுத்துவிட்டு 'பாட்டி என்னோடு' என்று எழுது. பென்சில் வேண்டாம்.

உன் பாட்டி