கிழமாடு முட்டும் நாள்

அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன மாதம் காபிக்கடையில் எங்கள் ரக்பி அணியின் ரசிகர்கள், அடுத்த வருஷம் அணிக்கு யாரை எடுக்கலாம் என்று என்னெதிரிலேயே பேசினார்கள். நான் அங்கே அதிகம் பேசுவதில்லை. அதனால் எனக்குப் பிரெஞ்சு புரியாதென்று அவர்களுக்கு நினைப்பு.

"இந்த ஜார்ஜியாக்காரன் கிழமாடுய்யா! கழட்டிவிட்டுட்டு பக்கத்து ஊர் பையனைத் தூக்குங்க," என்று என்னைக் காட்டிச் சொன்னார் கசாப்புக்கடை காஸ்தோன். ஆறு வருஷமாக என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தவர்.

கிளப்பும் அப்படியே செய்தது. அந்தப் பையன் விட்டுவந்த இடத்தில், பக்கத்து ஊர் அணியில் நான் சேர்ந்துவிட்டேன். முதல் ஆட்டமே என் பழைய அணியோடுதான். இரண்டு அணியும் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் அவனும் நானும் நேருக்கு நேர்.

நேற்று காஸ்தோன் கடைக்குப் போய்ச் சுத்தமான பிரெஞ்சில் சொன்னேன்: "முன்வரிசையில உக்காருங்க. கிழமாடு முட்டுறதைக் கிட்ட இருந்து பாக்கணும்ல?" அவர் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

பிளம் சட்னி அனுப்புங்கள். இந்தத் தடவை சின்ன ஜாடி போதும்; காஸ்தோன் கூட்டத்துக்கு இனிப் பங்கு கிடையாது, சாப்பிட நான் ஒருத்தன்தான். பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

மல்காஸ்