சீரீஸ் பல்பும் பாவாவின் கண்ணும்

தணிகை முருகன் துணை

திருத்தணி,
திங்கட்கிழமை

மோனிகா அப்பாவுக்கு, புவனா எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. சிறையிலிருந்து போன் செய்தால் என்னைப் பேசவிடாமல் கத்துகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும். ஊருக்கே தெரிந்த சண்டை, இதில் என்ன மானம் மிச்சம்?

வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வருகிறது. போன வாரம் என்ன சொன்னீர்கள்? 'வெளிய வந்ததும் மொதல்ல கனகம்மாசத்திரம் போறேன். அந்தாளோட இன்னொரு கண்ணையும் நோண்டிட்டுதான் வீட்டுக்கு வருவேன்' என்றீர்கள். அந்த ஆள் யார்? உங்கள் கூடப் பிறந்த அக்கா வள்ளிநாயகியின் புருஷன். வாய் நிறையப் பாவா, பாவா என்று நீங்கள் கூப்பிட்ட ஆதிகேசவன்.

அன்றைக்கு நடந்தது கண்ணை மூடினால் வருகிறது. பழைய ரேடியோ வியாபாரத்தில் சேர்த்த கண்ணாடி வால்வுகளை அட்டைப் பெட்டியில் போட்டு, எல்லாம் நல்லது என்று நம் ரிப்பேர் கடைக்கு விற்கக் கொண்டுவந்தார். நீங்கள் ஒரு பலகையில் சாக்கெட் அடித்து, பழைய ரேடியோ டிரான்ஸ்பார்மரையும் ஒரு மீட்டரையும் மாட்டிச் செய்த டெஸ்டரில் ஒவ்வொன்றாகச் சொருகினீர்கள். ஒன்றுக்கும் முள் ஏறவில்லை. 'செத்த வால்வ என் தலையில கட்றியா?' என்று கேட்டீர்கள். 'உன் டெஸ்டர்தான்டா கோளாறு' என்றார் அவர். அவ்வளவுதான். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடாக உங்கள் கையில் இருந்தது. ஐயோ, அந்த அலறலும் சதை பொசுங்கிய நாற்றமும்! கீழே விழுந்தவர் நெஞ்சில் ஏறி மிதித்தீர்கள். இழுத்த என்னையும் தள்ளிவிட்டதில், மேசை முனையில் பட்டு என் பல் உடைந்தது.

மறுநாள் அக்கா மகன் கௌதமன் கடப்பாரையோடு வந்து கடையை நொறுக்கினான். ஆம்பிளிபயர், ஸ்பீக்கர் எல்லாம் தூள். தடுக்கப் போன உங்கள் நைனாவின் கையை உடைத்தான், தாத்தா என்றுகூடப் பார்க்கவில்லை. நான் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஆங், நானும்தான். மோனிகா என் காலைக் கட்டிக்கொண்டு கதறாவிட்டால் வெட்டியிருப்பேன்.

மேசைக்கடியில் கிடந்ததால் டெஸ்டர் தப்பியது. பெட்டியில் பாதி வால்வும் பிழைத்தது. வழக்கில் காட்டினால் உங்கள் பக்க நியாயம் தெரியுமே என்று, அரக்கோணத்திலிருந்து உங்கள் சிநேகிதர் மெக்கானிக் அனீஸ் பாயை நேற்றுக் காலையில் வரவழைத்தேன். அவர் முதலில் நம் வீட்டு ரேடியோவிலிருந்து ஒரு வால்வைப் பிடுங்கிச் சொருகினார். அதுவரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் வால்வு. அதற்கும் முள் ஏறவில்லை. பாய் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். 'தங்கச்சி, உன் வீட்டுக்காரன் பரந்தாமன் சீரீஸ் பல்ப கழட்டவே இல்லம்மா' என்றார்.

புதிதாகச் செய்த எதற்கும் முதலில் வயர் நடுவில் மாட்டிய இந்தச் சீரீஸ் பல்ப் வழியாகத்தானே கரண்ட் கொடுப்பீர்கள், ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும் என்று? சரிபார்த்த பிறகு அதைக் கழற்ற வேண்டாமா? கரண்டில் பாதியைப் பல்பே தின்றுவிட்டால், வால்வு எப்படிச் சூடாகும், முள் எப்படி ஏறும்? பாய் பல்பைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தார். ரேடியோ வால்வுக்கு முள் ஏறியது. பாவா கொடுத்ததில் பிழைத்த அத்தனைக்கும் ஏறியது.

கேட்டீர்களா? பாவா பொய் சொல்லவில்லை. மூக்குக்கு மேல் வரும் உங்கள் கோபத்துக்கு ஒரு பல்பைக் கழற்ற நேரமில்லை, ஒரு மனுஷனின் கண் போய்விட்டது.

நேற்று மதியமே கனகம்மாசத்திரம் போய் அக்கா காலில் விழுந்தேன். என் முடியைப் பிடித்து வாசலில் தள்ளினார். 'உன் புருஷன் இந்தப் பக்கம் வரட்டும். தம்பின்னு பாக்க மாட்டேன், வெட்டிட்டு ஜெயிலுக்குப் போறேன்' என்று கத்தினார். உள்ளேயிருந்து பாவாதான், 'வுடு வள்ளி, அவ இன்னா பண்ணுவா' என்றார். கட்டுப் போட்ட முகத்தோடு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: 'வால்வு நல்லதுன்னு அவனுக்குச் சொல்லிட்டியாம்மா?'

இதோ, இந்தக் கடிதத்தில் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை சிறை வாசலில் நானும் நைனாவும் நிற்போம். எங்களோடு நேராக வீட்டுக்கு வாருங்கள். கௌதமன் எதிரே வந்தால் குனிந்த தலை நிமிராமல் நடங்கள். அடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா என்றைக்கு வாசலுக்குள் விடுகிறாரோ, அன்றைக்கு வெறுங்கையோடு போய்ப் பாவா எதிரில் நில்லுங்கள். மிரட்டவில்லை, கெஞ்சுகிறேன்.

அந்த முருகன் அக்கா தாலியையும் என் தாலியையும் சேர்த்தே காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
புவனா