திராட்சைத் தோட்ட ஓரத்துக் கம்பி

6-2-2006, திங்கள்

காலை பீட், என் பகுதிக் காட்டில் ரோந்து. ஓடைப்பட்டிக்கு மேலே, மலையடிவாரக் காப்புக்காட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையைப் பார்த்துவரச் சொல்லியிருந்தார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது. ஆட்களெல்லாம் தை மாசக் கல்யாணங்களுக்குப் போய்விட்டார்கள்.

வழக்கம்போல வாட்சர் அழகர் பத்தடி முன்னால், நான் பின்னால். ஆறு வருடமாக இப்படித்தான். வனக்காப்பாளர் நான், ஆனால் புதர் அசைந்தால் நின்றுவிடுகிறவளும் நான். "குருவி மேடம்" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல். அப்பா சர்வீசில் இறந்ததால் வாரிசு வேலையாக வந்த காக்கி இது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவளுக்கு ஆபீசில் ஒரு மேசை கிடைக்கும் என்று நினைத்தேன். காட்டைக் கொடுத்தார்கள்.

சுருளிவேலின் திராட்சைத் தோட்டம் காட்டைத் தொடும் இடத்தில் அழகர் சட்டென்று கையை நீட்டி என்னை நிறுத்தினார். முழங்காலுக்குக் கீழே மரத்துக்கு மரம் கட்டுக்கம்பி. குச்சி ஊன்றி, சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, அதன்மேல் கம்பி. பன்றிக்குக் கரண்டு வைத்திருக்கிறார்கள். அழகர் கம்பி போன வழியே போய்ப் பார்த்தார். மோட்டார் ரூமுக்கு மேலே போகும் லைனில் கொக்கி மாட்டிக் கரண்டு இழுத்திருக்கிறார்கள். விடிந்ததும் கொக்கியை எடுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக மூடிய குழி, மண்ணில் பன்றி மயிர்.

கம்பியைச் சுருட்டி ஆபீசுக்குக் கொண்டுபோவோம் என்றார் அழகர். இன்றைக்கு வேண்டாம், முதலில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்போம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் யாருடைய ஜீப் ஓட்டுகிறார் என்று அவருக்குத் தெரியும்.

பீட் நோட்டில் எழுதியது: வேறு விசேஷம் இல்லை.

7-2-2006

சுருளிவேலைத் தோட்டத்திலேயே பார்த்தேன். கோபப்படுவார் என்று பயந்து போனேன், சிரித்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"நீ நம்ம பாண்டியராஜன் வீட்டுக்காரி. வேலைக்காரப் பயக எவனாச்சும் போட்டிருப்பான். இனி இருக்காது ஆத்தா."

பிறகு, என் மகள் கயலை மூன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தார். பிள்ளை மூன்றாவது படிப்பது இவருக்கு எப்படித் தெரியும்? கிளம்பும்போது ஒரு பெட்டி பழம் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கயல் ஆசையாகச் சாப்பிட்டாள். நான் ஒன்றுகூட எடுக்கவில்லை.

8-2-2006

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் விடிவதற்குள் சின்னமனூரிலிருந்து ஏலக்காய்த் தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏற வேண்டும். ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டார். "ஜீப் சாவி அவர் வீட்டு ஆணியில தொங்குது விஜி. யோசிச்சுக்க." திட்டவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

19-2-2006

துணி காயப்போடக் கொடிக்கம்பியைத் தொட்டேன். கை தானாகப் பின்னால் வந்துவிட்டது.

27-2-2006

மேல்பாதையில் ஒற்றை யானை நடமாட்டம். பார்த்துப் போகச் சொல்லி ரேஞ்சர் முஜிபுர் ரஹ்மான் சார் எல்லோருக்கும் சொன்னார். பார்த்துப் போவது என்றால் எப்படி? எதைப் பார்த்து? தோட்ட ஓரம் போனால் கம்பி இருக்குமோ என்று பயம். மேலே போனால் யானை. அழகர் ரெண்டுக்கும் நடுவில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்.

9-3-2006

அழகருக்குக் கரண்டு அடித்துவிட்டது. உயிர் இருக்கிறது.

11-3-2006

இப்போதுதான் எழுத முடிகிறது. எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வேறு மாதிரி நடந்தது என்று நானே நம்பிவிடுவேன்.

ஆறரை மணி, நன்றாக வெளுத்துவிட்டது. மேல்பாதை தொடங்கும் இடத்தில் யானைச் சாணி, ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்குக் கால் நகரவில்லை. அது ஓடைப் பக்கம் இறங்கிவிட்டது, நாம் போகலாம் என்றார் அழகர். முடியாது, தோட்ட ஓரமாகப் போவோம் என்றேன்.

"அங்கன வேணாம் மேடம். அந்தாளு பேச்ச நம்பிப் போகவா?"

சொன்னாரே, எடுத்துவிடுகிறேன் என்று சொன்னாரே என்றேன். நான்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு முன்னால் போனார்.

புல் உயரமாக இருந்தது. அவர் விழுந்ததைத்தான் பார்த்தேன். கம்பியைப் பார்க்கவில்லை. வலதுகால் அதில் ஒட்டிக்கொண்டு உடம்பு முழுக்க வெட்டிவெட்டி இழுத்தது. நான் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன்? பத்து எண்ணும் நேரமா? நூறா? தொட்டால் நானும் போய்விடுவேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள். கயல், கயல் என்று ஓடியது. அப்புறம் மோட்டார் ரூமுக்கு ஓடினேன். பந்தலுக்கு வைத்திருந்த காய்ந்த மூங்கிலை எடுத்துக் கொக்கியைத் தட்டிவிட்டேன். அன்றைக்கு அதை எடுக்க மறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். மறந்துவிட்டார்கள்.

பழம் பறிக்க வந்த பெண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். பால் வண்டியில் சின்னமனூர், அங்கிருந்து தேனி பெரியாஸ்பத்திரி.

அழகரின் மனைவி அக்கம்மாள் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"போன மாசம் ஒருநா, கம்பி பாத்தோம்னு சொன்னாரு. அதே கம்பியா?"

தெரியலை என்று சொன்னேன்.

14-3-2006

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

16-3-2006

போலீசில் வாக்குமூலம். அதற்கு முன் ரேஞ்சர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "விஜி, இதுக்கு முன்னாடி அந்தத் தோட்டத்துல கம்பி பாத்திருக்கீங்களா?"

இல்ல சார்.

என் பீட் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அதிலும் இல்லை. ஸ்டேஷனிலும் அதையே சொன்னேன். கையெழுத்துப் போடும்போது பேனா நழுவியது. ஏட்டு எடுத்துக் கொடுத்தார்.

சுருளிவேல் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தோட்டத்திலேயே தங்கி வேலை பார்க்கும் ஜெயமங்கலத்துக்காரன் விஜயபாண்டி, தானாகவே முதல்நாள் கம்பி போட்டான் என்று அவனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சொன்னதைச் செய்கிறவன். வாயில்லாத ஆள்.

சுருளிவேலுக்குத் தெரியும் என்பது யாருக்குத் தெரியும்? எனக்கு. அவரிடம் நேரில் போய்ச் சொன்னவள் நான் ஒருத்திதான்.

18-3-2006

சுருளிவேல் வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டுக்காரரும் கூட. நாற்காலி போட்டேன், காப்பி போட்டேன்.

விஜயபாண்டியை ஜாமீனில் எடுத்துவிடுவாராம். அழகர் குடும்பத்துக்கும் வேண்டியதைச் செய்வாராம். நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார் என்றார். கயல் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அவள் தலையில் கைவைத்து, "தனியாவா வாராக பாப்பா?" என்று சிரித்தார்.

அவர் போனபிறகு அந்த நாற்காலியைக் கழுவினேன். ஏன் என்று தெரியவில்லை.

22-3-2006

அழகரைப் பார்க்கப் போனேன். எப்படி முகத்தைப் பார்ப்பது என்று ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்காமல் அடுத்த நிறுத்தம் வரை போய், திரும்ப நடந்து வந்தேன்.

பாதியாகிவிட்டார். அவரே தொடங்கினார். முன்னால் கம்பி எதையும் பார்க்கவில்லை என்று போலீசில் சொல்லிவிட்டாராம். எனக்காகவா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அவரு ஆளுக தெனமும் வாராக மேடம். பழம் கொண்டாராக. ஒண்ணும் பேசுறதில்ல, சும்மா கட்டில்கிட்ட உக்காந்திருக்காக. அக்கம்மா தனியாத்தான வீட்டுக்குப் போகணும்... பயமாருக்கு."

வராந்தாவில் டிராலி தடதடவென்று போனது. அதற்கே உடம்பு தூக்கிப்போட்டது அவருக்கு. இந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால்தான் ஆறு வருடம் காட்டில் நடந்தேன். இனி ஒளிந்துகொள்ள யாருமில்லை.

என் பொய்யைவிட அவர் பொய்தான் இன்று என்னைக் கொல்கிறது. அது நான் அவர் வாயில் வைத்தது.

23-3-2006

ரேஞ்ச் ஆபீசில் கிளார்க் சாப்பிடப் போன நேரம் அவர் டைப்ரைட்டரில் உட்கார்ந்தேன். பிப்ரவரி ஆறு, கம்பி பார்த்தது. மறுநாள் சுருளிவேலிடம் சொன்னது, அவர் சொன்ன பதில். பீட் நோட்டில் மறைத்தது. மார்ச் ஒன்பது, அழகர் வேண்டாம் என்றும் அந்த வழியே போகச் சொன்னது. முதல் வாக்குமூலம் பொய் என்பது. ஒரே பக்கம். ஹையர் பாஸ் செய்தவளுக்கு அதில் பதினோரு பிழை.

ரேஞ்சர் இரண்டு தடவை படித்தார். "தெரிஞ்சுதான குடுக்குறீங்க? மொதல்ல உங்க மேலதான் பாயும்."

தெரியும் சார் என்றேன். அவர் உடனே வாங்கி வைக்கவில்லை. மனசு மாறுவேனோ என்று கொஞ்சநேரம் மேசைமேல் அப்படியே விட்டுவைத்தார். எனக்கும் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. அப்புறம் அதை ஃபைலில் வைத்து மூடினார்.

24-3-2006

வீட்டுக்காரர் நடந்து வந்தார். சாவியை வாங்கிக்கொண்டார்களாம். என்னோடு பேசவில்லை. தட்டு வைத்தேன், சாப்பிட்டார், படுத்துவிட்டார்.

3-4-2006

சஸ்பெண்ட் ஆர்டர்.

5-4-2006

வாசலில் நின்ற டிவிஎஸ் ஃபிஃப்டியின் சீட்டை யாரோ நீளமாகக் கிழித்திருக்கிறார்கள். பட்டப்பகலில். எதிர்வீட்டு ராக்கம்மாள் யாரையும் பார்க்கவில்லை என்கிறாள். நானும் அப்படிச் சொன்னவள்தானே, எந்த வாயால் அவளைக் கேட்பேன்.

கயலைப் பெரியகுளத்தில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பஸ் கிளம்பும்போது கை காட்டவில்லை அவள். கோபம்.

6-4-2006

சுருளிவேலைக் கைது செய்துவிட்டார்கள். சந்தோஷமாக இல்லை. வாசல் கதவைப் பூட்டினேன், மறுபடி போய்ப் பார்த்தேன், மறுபடி.

10-4-2006

ஜாமீனில் வந்துவிட்டார்.

11-4-2006

வீட்டுக்காரர் இன்றைக்குத்தான் வாய் திறந்தார். "முன்னாடியே எழுதியிருந்தா அழகருக்குக் கால் இருந்திருக்கும்ல" என்றார். ஆமாம் என்றேன். "நான்தான் யோசிக்கச் சொன்னேன்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் ரொம்பநேரம் கீரை ஆய்ந்தோம்.

29-5-2006

கம்பத்தில் அப்துல் ஜலீல் பாய் காய்கறி லாரிக்கு டிரைவர் கேட்டிருந்தார். வீட்டுக்காரர் போகிறார். சுருளிவேல் ஆட்கள் வந்து வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். வண்டி ஓட்டத் தெரியுமா என்று மட்டும் பாய் இவரைக் கேட்டாராம்.

18-9-2006

திரும்ப டியூட்டி. இன்கிரிமென்ட் வெட்டு. அதே பீட். கூட வரப் புது வாட்சர் இன்னும் போடவில்லை. முன்னால் நடக்க ஆளில்லை. கம்பை முன்னால் நீட்டித் தட்டித் தட்டிப் போனேன். ஒரு மணி நேர வழிக்கு மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் முழுதும் போய் வந்தேன்.

அழகர் வீட்டுக்கு இதுவரை நாலு தடவை போய்விட்டேன். அக்கம்மாள் தண்ணீர் கொடுப்பாள், பேச மாட்டாள். அவர் உள்ளே படுத்திருப்பார், வெளியே வர மாட்டார்.

4-2-2008

சாட்சிச் சம்மன் வந்துவிட்டது. உத்தமபாளையம் கோர்ட். அழகருக்கும் வந்திருக்கிறது. அவர் போகப்போவதில்லை, போனாலும் பழைய வாக்குமூலத்தைத்தான் சொல்வார் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் என் ஒருத்தி பேச்சு. ஒருமுறை பொய் சொன்னவள் பேச்சு.

12-2-2008, செவ்வாய்

சுருளிவேல் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் விஜயபாண்டி, தரையைப் பார்த்தபடி.

கூண்டில் ஏறினேன். சொன்னேன். குறுக்கு விசாரணையில் அவருடைய வக்கீல் என் பீட் நோட்டைக் காட்டினார், முதல் வாக்குமூலத்தைப் படித்தார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பயந்து மறைத்தீர்கள், அப்படித்தானே என்றார். ஆமாம்.

"இப்ப அந்தப் பயமெல்லாம் போயிருச்சாக்கும்?"

"இல்ல சார். இப்பவும் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

இறங்கி வந்து சுவரோரம் நின்றேன். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம் கூப்பிடும்போது வராந்தாவில் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது. அழகர் வந்தார். பின்னால் அக்கம்மாள், அவருடைய ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை இருவரும்.

கூண்டுப் படி ஒரே ஒரு படிதான். அதில் ஏற அவருக்கு நேரம் பிடித்தது. யாரும் கை கொடுக்க அவர் விடவில்லை. அந்தத் தேதிக்கு முன்னால் கம்பியைப் பார்த்ததுண்டா என்று அரசு வக்கீல் கேட்டார். அழகர் சுருளிவேலைப் பார்த்தார். நிமிடக் கணக்கில் பார்த்த மாதிரி இருந்தது.

"பாத்தோம்யா. ஆறாந்தேதி. நானும் மேடமும் ரெண்டு பேருந்தான் பாத்தோம். போலீசுல பயந்துக்கிட்டு மாத்திச் சொல்லிட்டேன்."

விஜயபாண்டி தலையைத் தூக்கினான்.

தீர்ப்புக்கு இன்னும் நாளாகும். மதியம் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்றாகத்தான் நடந்தோம். அழகர் ஒற்றைக்காலில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மாசி பிறக்கவே இல்லை, அப்படியொன்றும் வெயில் இல்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. என் ரவிக்கையும் நனைந்திருந்தது.