கப்பலோடு போய்த் துக்கம் கேட்டது

ஏப்ரல் 14, திங்கள்

அக்கா புருஷன் தவ்ஃபீக் மச்சான் நேற்று இறந்துவிட்டார். இன்று அடக்கம். என் கணவர் ரிழா போய்விட்டு வந்தார். நான் போகவில்லை.

ஜவ்ஹரா அக்கா தன் மகன் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து அழைக்காமல், போனில் ஒரு வரி தட்டிவிட்டவள். கூடப் பிறந்தவளுக்கு ஒரு வரி! அன்றிலிருந்து பேச்சில்லை. சாவுக்கு அந்த ஒரு வரியும் வரவில்லை. ஊரார் சொல்லித்தான் தெரிந்தது.

ஏப்ரல் 15

ரிழா விடவில்லை. "துக்கம் கேட்கிற மூணு நாள் நாளையோட முடியுது நஜீபா. அதுக்குள்ள போகலைன்னா நீங்க ரெண்டு பேரும் சாகிற வரைக்கும் பேசப்போறதில்ல."

நாளைக்குச் சுற்றுலாக் கப்பல் வருகிறது, பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலை இருக்கிறது என்றேன்.

"கப்பல் சாயங்காலம் போயிடும்ல?"

மச்சான் நல்ல மனுஷர். மீன் சாப்பிடும்போதெல்லாம் "முள்ளு, பார்த்து" என்பார். எனக்கு ஐம்பது வயதான பிறகும். போகத்தான் வேண்டும். ஆனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஏப்ரல் 16, புதன்

காலையில் கார்தேஜ் இடிபாடுகள். ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்று பயணி ஒருவர் கேட்டார். இடித்துப்போட்ட ரோமானியர்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

மதியம் துனிஸ் பழைய நகரம். வழக்கமாக அக்கா வீட்டுச் சந்து வழியாகத்தான் போவேன். இன்று வேண்டுமென்றே அதைத் தவிர்த்து அத்தர் கடை வழியாகக் கூட்டிப்போனேன். கடையில் திரும்பிப் பார்த்தால் பாதிப் பேரைக் காணோம். தேடிக்கொண்டு ஓடினேன், கடைசியில் அக்கா வீட்டுச் சந்துக்கே.

துக்க வீட்டில் கதவைச் சாத்துவதில்லை. சந்திலேயே நாற்காலி போட்டு, வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துப் பக்கத்து வீட்டார் சமைத்ததைக் கொடுப்பார்கள். என் ஆட்கள் திறந்த கதவையும் ஓடு பதித்த முற்றத்தையும் பார்த்து அருங்காட்சியகம் என்று நுழைந்துவிட்டார்கள். வரிசையாக உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்து, கோதுமை ரவைக் கூஸ்கூஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டிக்கெட் எங்கே எடுப்பது என்று ஒரு பெரியவர் அக்கா மகனிடமே கேட்டிருக்கிறார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து அவன் அவரைக் கட்டிப்பிடித்து அழுதானாம். ஒரு டச்சு அம்மாள் என் காதருகே வந்து, இந்த அழுகை தினமும் உண்டா, கப்பல் வருகிற நாள் மட்டும்தானா என்றாள். இன்றைக்கு மட்டும் என்றேன்.

அதற்குள் அக்கா எதிரே வந்து நின்றாள். இளைத்துப்போயிருந்தாள்.

"ஒத்தையில வர ரோஷம் தடுத்துச்சு. அதான் கப்பலையே கூட்டிட்டு வந்துட்டியாடி?"

முற்றத்துப் பெண்கள் பூரித்துப்போனார்கள். "தவ்ஃபீக் புண்ணியவான்! எத்தனை நாட்டு ஜனம் வந்திருக்கு பாரு!"

நான் என்ன சொல்ல? "ஆமாக்கா" என்றேன். பிறகு — அழுதேன். வாய்விட்டு. கையில் வழிகாட்டிக் கொடியோடு. அவள் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். டச்சு அம்மாள் போட்டோ எடுத்தாள்.

ஏப்ரல் 17

கம்பெனி மேலாளர் போன் செய்தார். பயணிகளுக்கு அந்த 'வீட்டு விருந்து' ரொம்பப் பிடித்துவிட்டதாம். அடுத்த கப்பலுக்கும் ஏற்பாடு செய்ய முடியுமா? முடியாது, எனக்கு ஒரே மச்சான்தான் என்றேன்.

மே 23, வெள்ளி

மச்சானுக்கு நாற்பதாம் நாள். விடிந்ததிலிருந்து அக்கா வீட்டு அடுப்படியில்தான் இருந்தேன். மனசு உறுத்தியது. சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அவங்களை நான் கூட்டிட்டு வரல. வழி தவறி நுழைஞ்சுட்டாங்க."

அவள் பூசணிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்டி. வாசல்ல நின்னு முழிச்சாங்க. யார் கூட வந்தீங்கன்னு கேட்டேன். உன் பேரைச் சொன்னாங்க."

"அனுப்பிவிட்டிருக்கலாமே?"

"எதுக்கு அனுப்பணும்? உட்காருங்க, சாப்பிடுங்கன்னேன். அவங்களைத் தேடி நீ உள்ள வந்துதானே ஆகணும்."

கத்தியை அவளிடமிருந்து வாங்கி மீதியை நான் நறுக்கினேன்.